வளைந்த விளக்கு

காலை ஆறு மணி இருபது. தை மாதப் பனி. புதுச்சேரி ஸ்டேஷனில் நான் முதலில் பார்த்தது பிளாட்பாரத்து விளக்கை. விடிந்துகொண்டிருந்தது, விளக்கை இன்னும் அணைக்கவில்லை.

அதன் கீழே ஒரு குடும்பம். கலியமூர்த்தி, பக்கத்துச் சாரம் என்கிற ஊர்க்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். லீவு முடிந்து திரும்புகிறார் — விழுப்புரம், பம்பாய், அப்புறம் கப்பல். பக்கத்தில் மனைவி அஞ்சலை. அவர் கையில் நாற்பது நாள் பெண் குழந்தை.

நான் வேறு செய்திக்காக வந்திருந்தேன். தோளில் புதுக் கேமரா. சைகோனிலிருந்து வந்த உறவினர் கொடுத்தது. அரைக் கிலோகூட இருக்காது. என் பழைய கேமரா இரண்டு கிலோ. பத்து வருஷம் கழுத்து வலிக்கச் சுமந்தேன். அன்றுதான் முதல்முறையாக அதை பீரோவில் விட்டுவிட்டு வந்தேன்.

அஞ்சலைதான் கேட்டார்.

"ஐயா, நீங்க பேப்பர்க்காரர்தானே? இவரு புள்ளையத் தூக்கினு நிக்கிற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்க. ஊட்ல இவரு படம் ஒண்ணுகூட இல்ல."

கலியமூர்த்தி என் தோளைப் பார்த்து, ஐயா என்பதற்குப் பட்டாளத்துப் பிரெஞ்சில் கேட்டார். "இதுலயா முசே? மூக்குப்பொடி டப்பா மாதிரி இருக்குதே!"

சுருக்கென்றது. "ஒத்தைக் கையாலேயே எடுப்பேன்" என்றேன். செய்தும் காட்டினேன் — இடது கையில் பை, வலது கை விரல் நுனியில் கேமரா.

அவர் குழந்தையை மார்போடு அணைத்து விறைப்பாக நின்றார். குழந்தை தூக்கத்தில். அவர் சட்டைப் பித்தான்கூட அசையவில்லை, மூச்சை அடக்கியிருந்தார். நான் அடக்கவில்லை. வெளிச்சம் போதாமல் ஷட்டரை இருபத்தைந்தில் ஒரு பங்கு வினாடி திறக்க வேண்டியிருந்தது. அழுத்தினேன். இன்னொன்று எடுப்பதற்குள் விசில் ஊதிவிட்டது.

அன்று மாலை படத்தைக் கழுவினேன். இரண்டு முகங்களும் மாவு கரைந்த மாதிரி. விளக்கு மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது — புள்ளியாக அல்ல, தூண்டில் முள் மாதிரி வளைந்து. என் விரல் அழுத்திய விதம் அந்தக் கோட்டில் அப்படியே இருந்தது.

விளக்கு கம்பத்தில் இருக்கிறது. கம்பம் தரையில் இருக்கிறது. அப்புறம், ஆடியது யார்?

கனத்தை நான் வெறும் சுமை என்றே நினைத்திருந்தேன். பழைய கேமராவைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். இடது உள்ளங்கை அடியில், முழங்கைகள் விலாவில், வார் கழுத்தை இழுத்தபடி... விரல் கொஞ்சம் முரட்டுத்தனமாக அழுத்தினாலும் அந்தக் கனம் அசைந்துகொடுக்காது. என் கை நிதானமான கை என்று ஆபீஸில் எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பினேன். பாதி நிதானம் அந்த இரண்டு கிலோவுடையது!

புதுக் கேமராவையும் அதே பிடியில் பிடித்திருந்தால் முகம் விழுந்திருக்கும். அதுதான் வருத்தம். குறை கேமராவில் இல்லை. கையில் லேசான பொருள் வந்ததும் பயம் போய்விடுகிறது... பயத்தோடு கவனமும்.

ஒரு வாரம் கழித்துப் படத்தைச் சாரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அஞ்சலை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"என்னாங்கய்யா, மூஞ்சியே இல்லியே?"

"அவர் கொஞ்சம் அசைஞ்சிட்டாரும்மா."

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்து வைத்த பொய்கூட இல்லை. படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் சொல்வது. வாயில் தானாக வந்துவிட்டது.

"ரெண்டு மணி நேரம் செல மாதிரி நின்னு காவல் காப்பேன்னு பீத்திக்குவாரு! ஒரு போட்டோவுக்கு நிக்கத் துப்பில்ல. எழுதுறேன், இருங்க."

எழுதியும்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனேன். போன ஞாயிற்றுக்கிழமை வழியில் அஞ்சலை எதிரே வந்துவிட்டார். வீட்டுக்கு அழைத்துப் போய், கணவர் அப்போது எழுதிய பதில் கடிதத்தை எடுத்துக் காட்டினார்.

'நீ திட்டியது சரிதான். துப்பாக்கி பிடித்துப் பழகிய கை. பிள்ளை பூ மாதிரி லேசாக இருந்தது. அதில்தான் கை ஆடியிருக்கும். முசேயிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அடுத்த லீவில் ஆடாமல் நிற்கிறேன்.'

அடுத்த லீவு எப்போது என்று கடிதத்தில் இல்லை.

சுவரில் கண்ணாடி போட்டு அந்தப் படம் மாட்டியிருந்தது. "ஆடினது அவர் இல்லம்மா, நான். அந்த விளக்கைப் பாருங்க, அதுவும் வளைஞ்சிருக்கு" என்றேன்.

அஞ்சலை பார்க்கவில்லை. சிரித்தார். "உடுங்கய்யா. அவரு மானத்தக் காப்பாத்தப் பாக்குறீங்க. அவரே ஒத்துக்கினாரு, அப்புறம் என்னா?"

மறுபடியும் சொன்னேன். காப்பி எடுத்துவரப் போய்விட்டார்.

குழந்தைக்கு இப்போது நடை வந்துவிட்டது. திரும்பி வந்த அஞ்சலை அதை இடுப்பில் தூக்கிப் படத்தருகே கொண்டுபோனார். "அப்பா எங்க? ஐயாவுக்குக் காட்டு."

குழந்தை விரலை நீட்டிப் படத்தில் அந்த வளைந்த விளக்கைத் தொட்டது.