மூன்று பழம்

நர்சரியில் அவளை முள்ளக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருஷமாக ரோஜாவுக்குக் கிளை நறுக்கிக் கவாத்து செய்தவள் என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம் அவள் வாய். மேலாளரையே முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள்.

அந்த வருஷம் சிவப்புப் பழச் செடி வந்தது. கத்தரிக்காய்ச் செடிக்கு உறவுதான். குட்டித் தக்காளி மாதிரி பழம், பார்த்தாலே வாயில் போடத் தோன்றும். உள்ளேயோ சோலனோகேப்சின் என்று ஒரு நஞ்சு. இதயத் துடிப்பை மந்தமாக்கும். ஒவ்வொரு தொட்டியிலும் அதை எழுதிய மஞ்சள் சீட்டு குத்தியிருந்தது.

“சீட்டையெல்லாம் பிடுங்கிடுங்க. விஷம்னு எழுதி வெச்சா எவன் வாங்குவான்?” என்றார் மேலாளர். முள்ளக்காவும் பிடுங்கினாள்.

விற்காத செடியை வேலையாட்கள் எடுத்துப் போகலாம் என்பது அங்கே வழக்கம். அவள் சிவப்புப் பழச் செடியில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கித் தங்கை வீட்டு ஜன்னல் திட்டில் வைத்தாள். குழந்தைக்கு எட்டாத உயரம்தான். ஆனால் பழுத்தது உதிராமல் இருக்குமா? தங்கை மகள் தரையில் கிடந்த மூன்றைப் பொறுக்கித் தின்றாள். மூன்று வயசுக் குழந்தைக்கு நான்கு நாள் ஆஸ்பத்திரி.

நர்சரி முதலாளி விசாரித்தபோது மேலாளர் கூசாமல் புளுகினார். “அதுல விஷமெல்லாம் ஒண்ணும் இல்ல. நானே தின்னிருக்கேன். சீட்டும் இருந்துச்சு, அந்தம்மாதான் தொலைச்சிருக்கும்.” இந்தப் பேச்சு தங்கை காதுக்குப் போனது. அதோடு அக்காவுக்கு அந்த வீட்டுக் கதவு சாத்தப்பட்டது.

முள்ளக்காவுக்கு வயிறு எரிந்தது. அந்த ஆள் சிரிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் கத்தரிக்கோலைப் பிடித்த கை இறுகும். அவரைச் சந்தி சிரிக்க வைக்க வேண்டும், அதைத் தங்கை கண்ணால் பார்க்க வேண்டும். ஆறு வாரம் அவள் வேறெதையும் நினைக்கவில்லை.

முதலாளி தங்கையை நேரில் கூப்பிட்டு வருத்தம் தெரிவிக்க ஏற்பாடு செய்தார். எல்லோரும் கூடியிருந்த அறைக்குள் முள்ளக்கா ஒரு தட்டோடு நுழைந்தாள். தட்டில் மூன்று சிவப்புப் பழம்.

“சார், நீங்கதான் தின்னிருக்கேன்னீங்களே. எங்க குழந்தை மூணு தின்னுச்சு. நீங்க ஒண்ணே ஒண்ணு தின்னுங்க. நான் தப்பை ஒத்துக்கிட்டு இப்பவே வேலையை விட்டுப் போயிடறேன்.”

மேலாளர் சிரித்துப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. “என்ன விளையாட்டு இது?” என்றார். முள்ளக்கா தட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“ஏன் சார், பயமா?” என்றார் முதலாளி. மேலாளரின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. சீட்டைப் பிடுங்கச் சொன்னது தான்தான் என்று கடைசியில் அவர் வாயாலேயே வந்தது. அன்றோடு அவர் சீட்டும் கிழிந்தது. முள்ளக்காவுக்குக் குளுகுளுவென்று இருந்தது; பொய் சொல்வானேன்.

வெற்றியோடு தங்கை பக்கம் திரும்பினாள். “பார்த்தியா? எல்லாம் அந்த ஆளு பண்ணினது.”

தங்கை எழுந்துகொண்டாள். “சீட்டைப் புடுங்கச் சொன்னது அவருதான், சரி. உன் வாயை யாருக்கா புடுங்கினா? என் வீட்டுல வைக்கிறப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

ஊரையே கேள்வி கேட்கிறவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அப்புறம் மெல்லச் சொன்னாள்.

“விஷம்னு சொன்னா நீ வேணாம்னுடுவேன்னு நெனச்சேன்.”

தங்கை அவளை ஒரு கணம் பார்த்தாள். மேலாளரைப் பார்த்த அதே பார்வைதான்.