ஓரத்து ஆமணக்கு

ஹெப்பகோடியில் என் வீட்டுக்கு எதிரே இன்னும் கட்டடம் எழும்பாத ஒரு மனை இருக்கிறது. குப்பைக்கு நடுவே தானாக முளைத்த ஆமணக்குச் செடி ஒன்று ஆளுயரத்துக்கு நிற்கிறது. நான் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்ப்பேன்.

ஊத்தங்கரைப் பக்கம் சித்தப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது. கடலை, ஊடே துவரை, வயலைச் சுற்றி ஆமணக்கு. களையெடுப்பிலிருந்து காய் பறிப்பு வரை அவரும் சித்தியும்தான். கூலிக்கு ஆள் வைத்து நான் பார்த்ததில்லை. காலையில் பல் விளக்கியதும் சித்தி வயலோரமாக ஒரு சுற்று நடப்பாள். ஆமணக்கு இலைகளைப் புரட்டிப் பார்த்து, அடியில் பழுப்புப் பஞ்சு ஒட்டியதுபோல் பூச்சி முட்டையிட்டிருந்தால் அந்த இலையைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டு வந்து அடுப்பில் எறிவாள். 'ஆமணக்கு இன்ஸ்பெக்டர் கிளம்பிட்டாங்க' என்று சித்தப்பா கேலி செய்வார்.

எனக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்த புதிது. எதில் நேரம் வீணாகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் வேலை. அந்தத் திமிரோடு பொங்கலுக்குப் போனவன், லேப்டாப்பைத் திறந்து அவர்கள் வயலுக்கும் கணக்குப் போட்டேன். சித்தியின் காலை நடைக்கும் கூலி போட்டேன். வயல் நஷ்டம் என்று வந்தது.

"ரெண்டு பேரும் கூலிக்குப் போனாக்கூட இதவிட அதிகமா வரும் சித்தப்பா. ஓரத்துல நிக்கிறதையாவது எடுத்துட்டு முழுக்கக் கடலை போடுங்க."

"ஆமணக்கு இருந்தா பூச்சி அதுலதான் முட்ட வெக்கும் கண்ணு, கடலைக்கு வராது" என்றாள் சித்தி. நான் சிரித்து மழுப்பினேன். சித்தப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "படிச்சவன் சொல்றான், போட்டுப் பாப்போம்" என்றார்.

அந்த ஆடியில் ஓரம்வரை கடலை விதைத்தார்கள். பூவிடும் நேரத்தில் புழு இறங்கியது. மருந்தடித்தும் நிற்கவில்லை, ஒரு வாரத்தில் காம்புதான் மிச்சம். சித்தப்பா அதற்கு முன்பும் விளைச்சலைப் பறிகொடுத்து எழுந்தவர்தான். இந்த முறை எழவில்லை. இத்தனை வருஷமும் நஷ்டத்துக்குத்தான் உழைத்தோம் என்று அவரை நான் நம்பவைத்துவிட்டேன். மனை போடுகிறவர்கள் கேட்டு வந்தபோது பேரம்கூடப் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

இப்போது இங்கே ஒரு தொழிற்சாலை கேட்டில் காவலுக்கு நிற்கிறார். நான் சொன்னபடியே வயலைவிட அதிகம் வருகிறது. ஆனால் பருப்பு, எண்ணெய், காய் என்று எல்லாவற்றையும் கடையில் வாங்க வேண்டியிருக்கிறது. வயல் கொடுத்த துவரையையும் விளக்கெண்ணெயையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. சந்தைக்குப் போகாதது எதுவும் அன்று என் கண்ணில் படவில்லை. சித்தி இன்றுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

போன ஞாயிற்றுக்கிழமை மாடியிலிருந்து பார்த்தேன். என்னைப் பார்க்க வந்த சித்தி, எதிர்மனையில் குப்பைக்கு நடுவே நின்று ஆமணக்கு இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றைக் கிள்ளினாள். சுற்றிலும் காப்பாற்ற ஒரு கடலைச் செடிகூட இல்லை. மாடியேறி வந்தபோதும் அந்த இலை அவள் கையிலேயே இருந்தது.

"கை கேக்க மாட்டேங்குது கண்ணு" என்றாள். அதை எங்கே போடுவதென்று தெரியாமல் என் கேஸ் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.