சூடு சொரணை

கன்னியம்மாளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அவளுக்கும் சேர்த்து நான் கோபப்பட்டுக்கொள்கிறேன் என்று ஊரில் கேலி செய்வார்கள். ஆகவே இதை எழுதும்போது என் குரல் அங்கங்கே உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் எனக்குப் பக்கத்து வீடு. அமிர்தியிலிருந்து ஜவ்வாது மலைக்குள் ஏறினால் வரும் சின்ன ஊர் எங்களுடையது. நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். கன்னியம்மாளின் புருஷன் அருணகிரி சாமை விதைக்கிறவர், நாலு புளியமரமும் உண்டு. மனுஷர்களிடம் பேசுவதைவிட மாடுகளிடம் அதிகம் பேசுவார். கன்னியம்மாள் மட்டும் தினமும் காலையில் சக்கரவர்த்தி சார் வீட்டுக்கு வேலைக்குப் போய்வந்தாள்.

சக்கரவர்த்தி சாரும் அவர் மனைவி ரேணுகாதேவி அம்மாவும் வெளிநாட்டில் வெகுகாலம் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் இங்கே நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள். சாயங்காலம் ஆனால் வராந்தாவில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கிளாஸ் ஒயின் குடிப்பார்கள். அதே நேரத்தில் எங்கள் ஊர் ஆம்பளை ஒருத்தன் ஒரு குவார்ட்டரை வாங்கி மரத்தடியில் உட்கார்ந்தால் அவனுக்குக் குடிகாரன் என்று பெயர். சார் குடித்தால் அது பழக்கம். சரி, அது என் வயிற்றெரிச்சல்.

அந்தக் கிளாஸ்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எட்டு கிளாஸ், வெளிநாட்டிலிருந்து பஞ்சுப்பொதி போலச் சுற்றி எடுத்துவந்தவை. காகிதம் மாதிரி மெலிசு. காம்பு சாமைப்பயிரின் தண்டு கனம்தான் இருக்கும். நல்ல பொருளை ஷோகேஸில் பூட்டி வைத்துவிட்டு மட்டமானதில் குடிப்பது ரேணுகாதேவி அம்மாவுக்குப் பிடிக்காது. வாங்கியது புழங்கத்தான் என்பார். தினமும் அதில்தான் குடிப்பார்கள், தினமும் காலையில் அதைக் கழுவ வேண்டும்.

எங்கள் மலையில் பாத்திரம் கழுவுவது என்றால் சாம்பலும் புளியும். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி பளபளப்பாக்கி, முற்றத்தில் கவிழ்த்துவிட்டால் வேலை முடிந்தது. கன்னியம்மாள் முதல் நாள் அப்படியே செய்தாள். முதல் கிளாஸைத் தேய்த்து முடிப்பதற்குள் அது பனி பிடித்த ஜன்னல் போல மங்கிவிட்டது. கெட்டிப் பித்தளைக்குச் செய்த மரியாதையைக் கண்ணாடிக்கும் செய்தாள், அவ்வளவுதான். ரேணுகாதேவி அம்மா அன்றைக்குத் திட்டவில்லை. சமையலறைத் தரையில் இவளோடு சரிசமமாக உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். மங்கிப்போன கிளாஸை சார் தனக்கென்று எடுத்துக்கொண்டார். இந்த நல்ல குணங்களையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிளாஸ்டிக் பேசினுக்கு அடியில் பழைய துண்டு ஒன்றை விரிக்க வேண்டும். வளையலைக் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில், சோப்பு ஒரு சொட்டு. ஒரு நேரத்தில் ஒரு கிளாஸ்தான். நார் கூடாது, விரல்தான். காம்பைப் பிடித்துக்கொண்டு மேலே கிண்ணத்தைத் திருகினால் முறிந்துவிடும். வாய்ப்பக்கம் மெலிசு என்பதால் கவிழ்க்கவும் கூடாது, நிமிர்த்தியே துணிமேல் வைத்து, பழைய வேட்டித்துணியால் ஈரம் ஒற்ற வேண்டும்.

இதெல்லாம் சொல்லித் தரக்கூடியது. சொல்லித்தர முடியாத ஒன்றைக் கன்னியம்மாள் தானே பிடித்துக்கொண்டாள். உதட்டு எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் அவள் விரலுக்குத் தெரியும். வழவழப்பு போய் விரல் கீச்சென்று நிற்கும்வரை விடமாட்டாள். தினமும் புழங்கியும் வருஷக்கணக்கில் அவள் கையில் ஒன்றுகூட உடையவில்லை. உடைந்த ஒரே கிளாஸ், அவள் லீவு போட்ட அன்று சார் கழுவியது. விருந்தாளிகள் வந்தால் ரேணுகாதேவி அம்மா இவளைக் கூப்பிட்டு, “எங்க கிளாஸ் இவ்ளோ நாள் தாங்குதுன்னா இவங்க கைதான்” என்று காட்டுவார். சமையலுக்கு வேறு ஆள், தோட்டத்துக்கு வேறு ஆள் இருந்தார்கள். அந்தக் கிளாஸ்களைத் தொட இவள் ஒருத்திக்குத்தான் அனுமதி. அந்தப் பெருமையைக் கன்னியம்மாள் வெளியில் காட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் வேலைக்குப் போகும்போது நடையே வேறு மாதிரி இருக்கும்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு கிளாஸின் காம்பு முறிந்தது. அம்மா முகம் வாடினாலும், கண்ணாடி என்றால் உடையத்தானே செய்யும் என்று விட்டுவிட்டார். அடுத்து ஒன்று பேசினில் வைத்ததுமே விரிசல் விட்டது. தண்ணீர் அவ்வளவு சூடு. கன்னியம்மாள் கையை விட்டுப் பார்த்துத்தான் கிளாஸை இறக்கியிருந்தாள், கைக்கு வெதுவெதுப்பாகத்தான் இருந்ததாம். இந்த முறை அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சார்தான் விளையாட்டாகக் கேட்பதுபோல, ராத்திரி பாட்டிலில் மிச்சமிருந்ததை நீ ஊற்றிக்கொண்டாயா என்று கேட்டார். சமையல்காரி அதைக் கேட்டுவிட்டாள். அவள் காதில் விழுந்தது ஊர் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? கன்னியம்மாள் குடித்துவிட்டுக் கிளாஸை உடைக்கிறாளாம். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட மோர் போதும் என்கிறவள் அவள்.

அதற்குப்பிறகு அவள் நடை மாறிவிட்டது. கிளாஸைக் கையில் எடுத்தாலே பயம் என்றாள். நழுவிவிடுமோ என்று இறுக்கிப் பிடித்தாள். எவ்வளவு இறுக்குகிறோம் என்பது அவளுக்கே தெரியவில்லை.

மூன்றாவது கிளாஸ் அப்படித்தான் கைக்குள்ளேயே நொறுங்கியது. தண்ணீர் குடிக்க வந்த ரேணுகாதேவி அம்மா பேசின் நுரை சிவப்பாக இருப்பதைப் பார்த்தார். முதலில் ஒயின் என்றுதான் நினைத்தாராம். பிறகுதான், முந்தின நாள் குடித்தது வெள்ளை ஒயின் என்று ஞாபகம் வந்தது. கன்னியம்மாளின் சுண்டுவிரல் கிழிந்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அவளோ ஆவி பறக்கிற தண்ணீருக்குள் கையை விட்டு, உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“சூடு சொரணை இருக்கா உனக்கு?” என்று கத்திவிட்டார் அம்மா.

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவள் நேரே என் சத்துணவுக்கூடத்துக்கு வந்தாள். நான் குழந்தைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். நடந்ததைக் கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த வீட்டுக்குப் போய் இரண்டில் ஒன்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். அவள் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“அந்தம்மா கோவத்துல கேட்டாங்க. ஆனா நெசமாவே எனக்கு இல்லக்கா. இந்த ரெண்டு வெரல்லயும் சூடும் இல்ல, சொரணையும் இல்ல.”

வலதுகை மோதிரவிரலையும் சுண்டுவிரலையும் காட்டினாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். சரியாகத் தெரியவில்லை, மரத்துப்போன மாதிரி வரும் போகும், இப்போது போவதே இல்லை என்றாள். அந்தக் கையின் மற்ற விரல்களிலும் சூடு மந்தமாகத்தான் தெரியுமாம். முழங்கைக்கு மேலே ஒரு தேமல் இருந்ததும் அப்போதுதான் என் ஞாபகத்துக்கு வந்தது. வெளுப்பாக, உள்ளங்கை அகலம். தேமல் விழுந்தால் பொம்பளைக்கு அழகு என்று அருணகிரி சொன்னாராம். வாய் திறக்காத மனுஷன் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பெண்டாட்டியைப் புகழ்ந்தார், அது இதற்காகவா இருக்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் சுகாதாரத்துறை ஆட்கள் பள்ளிக்கூட வாசலில் எங்களை வரிசையாக நிறுத்தி, “உணர்ச்சி இல்லாத தேமல் இருக்கா?” என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். உணர்ச்சி என்றால் எங்கள் பேச்சில் அழுகை, ஆத்திரம், பாசம். தேமலுக்கு ஏது அதெல்லாம்? வரிசையே சிரித்தது. கன்னியம்மாளும் சிரித்துக்கொண்டு, “தேமலுக்கு இன்னா உணர்ச்சி, அது பாட்டுக்கு கீது” என்றாள். இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். தொட்டால் சொரணை இருக்கிறதா என்று கேட்டிருந்தால் அன்றைக்கே இவள் கையை நீட்டியிருப்பாள். ஒரு வார்த்தைதான்.

மறுநாளே அமிர்தி போய் பஸ் பிடித்து வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் இருந்தது சின்ன வயசு டாக்டர் அம்மா, பொறுமைசாலி. கன்னியம்மாளைக் கண்ணை மூடச் சொன்னார். நான் தொடுகிற இடத்தை மறு கையால் தொட்டுக் காட்டுங்கள் என்றார். பஞ்சுத் திரியால் தேமல்மேல் தொட்டார். பிறகு சுண்டுவிரலில், பிறகு மோதிரவிரலில். பேனா முனையால்கூட அழுத்தினார். கன்னியம்மாள் கண்ணை மூடியபடி, நல்ல பிள்ளை மாதிரி காத்திருந்தாள்.

“எப்ப தொடுவீங்கம்மா?” என்று கேட்டாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தொழுநோய் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். பயப்படாதீர்கள், இது குணமாகிற வியாதி, ஆறு மாதம் மாத்திரை, மாத்திரை ஆரம்பித்துவிட்டால் இன்னொருவருக்கு ஒட்டாது என்று விளக்கினார். விரலில் போன சொரணை மட்டும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். கன்னியம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று, பாத்திரம் கழுவலாமா என்று. தாராளமாகக் கழுவலாம், சூடும் கூர்மையும் இருந்தால் பார்த்துக் கழுவுங்கள் என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அழுதேன், அவள் அழவில்லை. கணியம்பாடி தாண்டும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதியைக்கூடப் பார்த்தேன். குடித்துவிட்டு உடைத்ததும் இல்லை, அசட்டையாக உடைத்ததும் இல்லை, விரல் செய்த வேலை இது என்று இனி அம்மாவிடம் சொல்லிவிடலாம் அல்லவா. வியாதியின் பெயரைச் சொல்லாதே என்று நான் தடுத்துப் பார்த்தேன். சொல்லாவிட்டால் குடிகாரி என்ற பெயர் நின்றுவிடும் என்றாள். மறுநாள் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ரேணுகாதேவி அம்மா கண் கலங்கினாராம். அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக்கூடக் கேட்டாராம். வைத்தியம் முடித்துவிட்டு வா, உன் வேலை உனக்குத்தான் என்றாராம். இதைச் சொல்லும்போது கன்னியம்மாளின் முகம் பூரித்திருந்தது.

அந்த ஆறு மாதமும் அவள் ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிடவில்லை. மாத்திரையால் மேனி கறுத்தது. ஊரில் சிலர் வெளிப்படையாகவே ஒதுங்கினார்கள். அருணகிரி மட்டும், சோற்றை நீதான் போட வேண்டும் என்று தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் பேசத் தெரியாதவர், அதனால் இப்படிச் செய்தார் என்று நினைக்கிறேன். அவள் என் வீட்டுக் கண்ணாடி டம்ளர்களை வாங்கிக்கொண்டு போய் இடதுகைப் பழக்கம் செய்தாள். சூட்டை இடதுகையால் பார்ப்பது, இடதுவிரலால் துலக்குவது, வலதுகையைச் சும்மா தாங்கலுக்கு வைப்பது. என் டம்ளர்களில் இரண்டு போயின. பிறகு எதுவும் உடையவில்லை. இடதுகை விரலும் கீச்சென்று நிற்கக் கற்றுக்கொண்டது. “இப்ப வேலைக்குப் போலாங்கா” என்றாள்.

வைத்தியம் முடிந்தது என்று டாக்டர் சொன்ன மறுநாள் அவளோடு நானும் போனேன். ரேணுகாதேவி அம்மா வாசலுக்கே வந்து சிரித்தார், உடம்பை விசாரித்தார். நடுவில் ஓர் ஆள் நிற்கலாம் என்கிற தூரத்தில் நின்றே விசாரித்தார். சமையலறைக்கு இப்போது வேறு ஆள் பழகிவிட்டது, நீ சிரமப்பட வேண்டாம், வெளியில் செடிக்குத் தண்ணீர் விடு, அதே சம்பளம்தான் என்றார். சொல்லும்போது கன்னியம்மாளின் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கன்னியம்மாள் சரிம்மா என்றாள். மீதி நாலு கிளாசும் நல்லாக் கீதாம்மா என்று கேட்டாள். அம்மா குழாய் இருக்கும் பக்கத்தைக் காட்டினார்.

வீட்டுக்குப் பின்புறம் குழாயடியை ஒட்டிக் குப்பைக்குழி. காய்ந்த இலைக்கும் பால் கவருக்கும் நடுவே ஏதோ மின்னியது. கன்னியம்மாள் இறங்கி இலைகளை விலக்கினாள். காம்பும் கிண்ணமுமாக, மழைச்சேறு அப்பி, அந்தக் கிளாஸ்கள் கிடந்தன. எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஒன்றை எடுத்து முந்தானையால் சேற்றைத் துடைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து விரிசல் தேடினாள். அடுத்ததை எடுத்தாள். நான் வேண்டாம் வா என்றேன். அவள் கேட்கவில்லை.

வியாதியின் பெயரைச் சொன்னபோது அழாதவள், ஊர் ஒதுங்கியபோது அழாதவள், அங்கே அந்தக் குழிக்குள் நின்று என்னை நிமிர்ந்து பார்த்து அழுதாள்.

“நாலும் முழுசா கீதுக்கா,” என்றாள். “ஒண்ணுகூட ஒடையல.”