கதவடியில் எரிந்த பற்றரியும் ஜன்னலுக்கு வந்த ஏணியும்

அன்பானவர்களே, போன மாசி மாதம் ஒரே பிற்பகலில் கணவரையும் மகளையும் இழந்திருப்பேன். ஆண்டவர் விடவில்லை.

நான் சுவிஸின் எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். கணவர் ரவி அடுத்த ஊர் உணவகத்தில் சமைக்கிறார். மின்சார சைக்கிளில்தான் போய்வருவார். ஒருநாள் பனியில் சறுக்கி விழுந்தார். அவருக்குக் காயமில்லை. பற்றரியின் ஒரு மூலை மட்டும் நசுங்கியது. சைக்கிள் ஓடியபடியால் அதையே தொடர்ந்து பாவித்தார்.

அந்த மாசிப் பிற்பகல் அவருக்கு விடுமுறை. நான் வேலையில் நின்றபோது போனில் அழைத்தார்.

"சுதா, கதவடியில சார்ஜில போட்ட பற்றரி வெடிச்சு எரியுது. வெளியில போக ஏலாது. பிள்ளை என்ர கையில இருக்கிறா."

"அறைக் கதவைச் சாத்திப்போட்டு ஜன்னலைத் திறவுங்கோ. நான் வாறன்."

தீயணைப்புப் படைக்குச் சொல்லிவிட்டு ஓடினேன். எங்கள் வீடு இரண்டாம் மாடி. ஜெபம் பண்ண வாயைத் திறந்தால் சொல் வரவில்லை. "ஆண்டவரே, என்ர பிள்ளை" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அங்கே போனபோது எங்கள் ஜன்னலில் ஏணி நின்றது. பக்கத்துக் கூரையில் பனி தள்ள வந்த போர்த்துக்கீசர் மனுவேல், புகையைக் கண்டு ஏறியிருந்தார். மகளை இறக்கி என் கையில் தந்தார். பின்னால் ரவி இருமிக்கொண்டே இறங்கினார்.

அந்தக் கூரை வேலை காலையிலேயே முடிய வேண்டியதாம். காற்று பலமென்று பிற்பகலுக்குத் தள்ளியிருக்கிறார்கள். அதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தீயணைப்பு வீரர்கள் பற்றரியைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார்கள். அணைந்த மாதிரிக் கிடந்து மறுபடி எரியுமாம். விழுந்து நசுங்கியதைச் சார்ஜில் போடவே கூடாது, வெளியேறும் வழியில் ஒருபோதும் வைக்கக்கூடாது என்றார்கள்.

இப்போது ரவி ரயிலில் போகிறார். இனி சைக்கிள் வாங்கினால், இலகுவில் தீப்பற்றாத இரும்பு பொஸ்பேற் வகைப் பற்றரிதான். அதையும் ஆள் விழித்திருக்கும்போது வெளிக் கொட்டிலில்தான் சார்ஜ் செய்வோம். வீட்டில் புகை வந்தால் அடிக்கும் மணியும் பொருத்திவிட்டோம். காப்பாற்றித் தந்த உயிரைக் கவனமாக வைத்திருப்பதும் நன்றிதானே.

முன்பு ஜெபக் கூட்டத்துக்கு என்னை மட்டும் அனுப்பிவிடும் ரவி, இப்போது எனக்கு முன்பே சப்பாத்தைப் போட்டுப் புறப்பட்டு நிற்கிறார். போன கூட்டத்துக்கு மனுவேலையும் அழைத்து வந்தார். மனுவேல் தன் மொழியில் ஜெபித்தார். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. எல்லோரும் ஆமென் சொன்னோம்.

நீங்களும் ஆண்டவரைக் கூப்பிடுங்கள். சொல் வராவிட்டாலும் கூப்பிடுங்கள். அவருக்கு விளங்கும்.