நாலாவது கால்

பூங்குழலி உப்பு வாங்கச் செம்மேட்டுச் சந்தைக்குப் போய் ஆட்டுக்குட்டியோடு திரும்பியவள். உப்பை மறந்துவிட்டாள். அவள் கணவர் யுவராஜோ, நாமக்கல்லுக்கு பஸ் ஏறும் முன்பே எந்தக் கொண்டை ஊசி வளைவில் தனக்குத் தலைசுற்றும் என்று எழுதி வைத்துக்கொள்கிறவர். இவர்களுக்குப் பொருத்தம் பார்த்த ஜோசியரைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அவர்களுடைய மரக்கடைசல் பட்டறைக்கு எதிரே என் டீக்கடை. அங்கே பேசுவதெல்லாம் என் காதில் விழும். விழாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

யுவராஜ் முதலில் உருவத்தை அட்டையில் வெட்டிக்கொள்வார். அதை வைத்து வைத்துப் பார்த்துத்தான் உளியை நகர்த்துவார். பூங்குழலிக்கோ கட்டை சுழல ஆரம்பித்த பிறகுதான் யோசனையே வரும். ஒருமுறை பூரிக்கட்டை கடைய ஆரம்பித்துப் பம்பரத்தில் முடித்தாள். அன்றிலிருந்து அவளை மிஷின் பக்கமே அவர் விடவில்லை. அவள் கெஞ்சினாள், பேசாமல் இருந்தாள், குழம்பில் காரத்தைக் கூட்டினாள். காரத்துக்குத்தான் அவர் இறங்கி வந்தார்.

"ஒரு கட்டிலுக்கு நாலு காலும் அட்டைப்படி கடைஞ்சு காட்டு புள்ள. அப்புறம் மிஷின் உன்னுது. பிசகுச்சுன்னா இந்தப் பக்கமே வரக்கூடாது."

அடிவாரத்துக் காளியண்ணன், மகள் கல்யாணத்துக்குக் கேட்டிருந்த பலாமரக் கட்டில் அது. அட்டையைக் கொடுத்துவிட்டு யுவராஜ் மிளகு பறிக்கப் போய்விட்டார்.

மூன்று கால்கள் அச்சு அசலாக வந்தன. எனக்கே ஏமாற்றமாக இருந்தது. நாலாவது காலில், நடுவில் இருந்த கணு தெறித்து விழுந்து குழியாகிவிட்டது. அளவான பலாக்கட்டை வேறு இல்லை. பூங்குழலி மிஷினை நிறுத்திவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. மனசு கேட்காமல் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பாதி டீயில் எழுந்தாள். "இந்தாங்க பாப்பாயிக்கா, விசிறிக்குங்க" என்று அட்டையை என்னிடம் நீட்டினாள். குழி மறையும்வரை சுற்றிலும் கடைந்து அந்தக் காலுக்கு ஒரு இடுப்பு வைத்தாள். பிறகு நன்றாக இருந்த கால்களில் ஒன்றை மறுபடி மாட்டி, அதற்கும் அதே இடுப்பு வைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் யுவராஜும் காளியண்ணனும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். கால்களைப் பார்த்ததும் யுவராஜ் முகம் கறுத்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் காளியண்ணன் முந்திக்கொண்டார்.

"ஏனுங்க, தலைமாட்டுக்கு ஒரு தினுசு, கால்மாட்டுக்கு ஒரு தினுசுங்களா? நல்லா பிளான் போட்டிருக்கீங்க!"

"ஆமாங்க, பிளான் போடாம நாங்க எதையும் தொடறதில்லீங்க" என்றார் யுவராஜ், கொஞ்சமும் கூசாமல். சிரிப்பை அடக்க முடியாமல் நான் இருமித் தொலைத்தேன்.

காளியண்ணன் போனதும் யுவராஜின் குரல் இறங்கியது.

"நெசமாச் சொல்லு புள்ள, இதை எப்படி யோசிச்சே?"

"நான் எங்கீங்க யோசிச்சேன்? கணுதான் யோசிச்சுது."

 அவர் மூலையில் கிடந்த மரத்துண்டுகளை வெகுநேரம் புரட்டினார். ஒரு கட்டையை எடுத்துத் தானே மிஷினில் மாட்டி, உளியை அவள் கையில் கொடுத்தார். கணு உள்ள கட்டையாகப் பார்த்துத்தான் எடுத்திருந்தார்.