அனுசரித்துப் போ என்பதற்கு எத்தனை பெயர்

நாத்தனார் ஆட்டோவை விட்டு இறங்கிய அந்தக் காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவனியாபுரத்தில் எங்களுக்கு ஓர் அறையும் ஒரு ஹாலுமாக இருந்த வீடு. வாசலில் நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கையில் ஒரு துணிப்பை, கன்னத்தில் வீக்கம். கல்யாணமான பிறகு அவள் அப்படி வந்து நின்றது அது முதல் தடவையல்ல.

அட்ஜஸ்ட் என்ற வார்த்தை இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு பொழுது நகராது. பஸ் சீட்டில் நெருக்கி உட்கார அதுதான், பால் குறைந்தாலும் அதுதான், குழம்பில் உப்புக் கூடினாலும் அதுதான். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கே அது இங்கிலீஷ் என்று தோன்றியதில்லை. ஆனால் மாமனார் அன்றைக்கு, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா" என்று மகளிடம் சொன்னபோது எனக்குச் சலிப்பாக இருந்தது. மாமியார் அதையே, "பொறுத்துக்கடி" என்றார்.

நாத்தனார் என் பக்கம் திரும்பினாள். "பொறுத்துக்க, விட்டுக்குடு, ஒத்துப் போ, அனுசரிச்சுப் போ... எம்புட்டுப் பேரு வச்சிருக்காக மதினி! அடி வாங்கிக்கன்னு நேரா சொன்னா வாய் வலிக்குமாக்கும்?"

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிரிந்தவர்களைச் சேர்த்துவைப்பதென்றால், தாலி கட்டிய கோயிலுக்கே கூட்டிப்போய் இருவர் பெயரிலும் அர்ச்சனை செய்து, அங்கிருந்தே அனுப்பிவிடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை திருப்பரங்குன்றம் போனோம். அவள் வீட்டுக்காரர் வெளுத்த வேட்டியில் வந்து நின்றார். முருகனிடம் என்ன வேண்டிக்கொள்வதென்றே எனக்குத் தெரியவில்லை. அவளை அனுப்பு என்று கேட்கவும் மனம் வரவில்லை, நிறுத்து என்று கேட்கவும் துணிவில்லை.

அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். மாமனார் வாய் திறக்குமுன் நாத்தனார் தன்னுடையதைச் சொன்னாள்.

"வீட்டுக்காரர் பேரு?" அர்ச்சகர் காத்திருந்தார்.

"அம்புட்டுத்தான் சாமி."

சந்நிதியில் யாரும் சத்தம் போட முடியவில்லை. அந்த மனிதர் விபூதிகூட வாங்காமல் படியிறங்கிப் போனார். வெளியே வந்ததும் மாமியார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "இருக்கறது ஒத்த ரூமு. இவளை எங்கிட்டு வைக்க?"

"ரூமுல அவ இருக்கட்டும் அத்தே. நாங்க ஹால்ல படுத்துக்கிறோம்" என்றேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

வருடங்கள் ஓடிவிட்டன. நாங்கள் இன்னும் ஹாலில்தான் படுக்கிறோம். இடுப்பு விட்டுப்போகிறது, அவரும் முணுமுணுக்கிறார். அலுப்பில்லை என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். ஆனால் விடிகிற நேரத்தில் எழுந்து பார்க்கும்போது அறைக்கதவு உள்பக்கம் தாழ்போட்டிருக்கும். முருகா என்று சொல்லிக்கொண்டு, அவள் தூக்கம் கலையாமல் அடுப்படிக்குப் போவேன்.