அந்தோணியாருக்கு நேர்ந்த சோடா மெஷின்

எழுதிப் பழகாத கை இது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவது நின்றுவிட்டது. முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொல்வேன், பாதி மறந்தும் போயிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் ஒரு ஓட்டல் வாசலில் பழைய கோலி சோடா மெஷினை அழகுக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். என் மகன் போனில் அந்தப் படத்தைக் காட்டி, "தாத்தா வெச்சிருந்ததும் இது மாதிரிதானேம்மா? இப்ப இருந்தா என்ன வெல போவும்?" என்று கேட்டான். இப்போதைய விலை எனக்குத் தெரியாது. அதற்கு ஒருமுறை விலை போட்டார்கள், அதை என் கண்ணால் பார்த்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பதோ பத்தோ வயது. கம்பைநல்லூர் போகிற ரோட்டில், பஸ் நிற்கிற இடத்தில் அப்பாவின் சோடாக் கடை. மெஷின் என்றால் இரும்புச் சட்டத்துக்குள் ஒரு கூண்டு. தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை அதில் மாட்டி, காஸைத் திறந்துவிட்டுப் பக்கத்துச் சக்கரத்தைச் சுற்றினால் கூண்டு குட்டிக்கரணம் போடும். நிறுத்திப் பார்த்தால் எல்லாப் பாட்டிலின் கழுத்திலும் கோலி ஏறி உட்கார்ந்திருக்கும். "வெள்ளக்காரன் காலத்து வார்ப்புங்க. இதுக்கு முன்னால இப்ப வர்ற மெஷினெல்லாம் பொம்மைங்க" என்பார் அப்பா. சோடாவுக்குத்தான் காசு, இந்தப் பேச்சு இலவசம்.

ஒரு கோடையில், சுற்றிக்கொண்டிருக்கும்போதே பாட்டில் ஒன்று வெடித்துவிட்டது. கூண்டின் வலையில் ஓர் ஓட்டை இருந்தது. நாளைக்குத் தைக்கிறேன், நாளைக்குத் தைக்கிறேன் என்று அப்பா தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்த ஓட்டை. அதன் வழியாகக் கண்ணாடிச் சில்லு பறந்து வந்து அப்பாவின் இடது கண்ணில் பட்டது. சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அம்மா கோயிலுக்கு ஓடினாள். அந்தோணியார் சுரூபத்தின் முன்னால் முட்டிபோட்டு, கண் தப்பினால் அந்த மெஷினையே கொடுத்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள்.

கண் தப்பியது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அப்பா, விஷயம் தெரிந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏண்டி, ஒரு சேவக்கோழிய நேர்ந்துக்கக் கூடாதா?"

"கண்ணுக்குச் சேவலாங்க?" என்றாள் அம்மா.

ஆனாலும் அப்பா பெரிதாகக் கவலைப்படவில்லை. எங்கள் ஊரில் நேர்ந்த பொருளைத் திருவிழா அன்று பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். ஆடோ கோழியோ எதுவானாலும் கொடுத்தவர்களே ஏலத்தில் எடுத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் போட்டிக்கு வரமாட்டார்கள். பணம் கோயிலுக்கு, ஆடு மாலையோடு வீட்டுக்கு. கோயில் காரியங்களைப் பார்த்து ஏலமும் விடுகிற உபதேசியார் மட்டும் ஒரு பேச்சுச் சொல்லிவிட்டார்: "சாமிக்குக் குடுத்தது அடிமாட்டு வெலைக்குப் போவக் கூடாது. சரியான மதிப்பு ஒண்ணு கேட்டுட்டு வாங்க."

அன்று முதல் அப்பா மெஷினைத் திட்ட ஆரம்பித்தார். பழைய இரும்பு வாங்குகிறவர் ஒருவரைப் பாப்பாரப்பட்டியிலிருந்து வரவழைத்தார். அவர் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார், குழாயைச் சுரண்டிப் பித்தளைதானா என்று பார்த்தார்.

"காஸு ஒழுவுதுங்க. சக்கரம் ஆட்டங்காணுது. ஒண்ணுத்துக்கும் ஆவாது" என்றார் அப்பா.

"போன மாசம் சோடா குடிக்க வந்தப்ப வேற மாதிரி சொன்னீங்களே?"

"அது யாவாரங்க. இது மதிப்பு."

கதவோரம் நின்ற அம்மா மெதுவாகக் கேட்டாள்: "அப்பிடி ஒண்ணுத்துக்கும் ஆவாதத எதுக்குங்க திருப்பி எடுக்கறீங்க?"

"உனக்குப் புரியாது, உள்ள போ."

எனக்கும் புரியவில்லை. வெள்ளைக்காரன் காலத்து வார்ப்பு ஒரே மாதத்தில் எப்படி ஓட்டை இரும்பாகும்? அவர்கள் போனபிறகு, காதில் விழுந்திருக்குமோ என்று சக்கரத்தைத் தடவிக் கொடுத்தேன்.

திருவிழா அன்று மெஷினுக்குச் செவ்வந்தி மாலை போட்டு, டயர் வண்டியில் ஏற்றிக் கோயில் வாசலில் நிறுத்தினார்கள். இரும்புக்காரர் மதிப்புப் போட்ட நூறு ரூபாயில் உபதேசியார் ஆரம்பித்தார். அப்பா நூற்றிப்பத்து என்று சொல்லிக்கொண்டே வண்டிக்காரனுக்குக் கைகாட்டினார்.

"எரநூறு!"

கூட்டத்தின் பின்னாலிருந்து குரல். பார்த்தால் அம்மாவின் தம்பி, என் சொந்த மாமா. மச்சினன் விளையாட்டு என்று எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

"மாப்ளே, வேட்டி அவுந்துடும், பாத்துக்க."

"அவுந்தா கட்டிக்கறேன் மச்சான். முந்நூறு."

ஐநூறு தாண்டியதும் அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "யோவ், அது வெறும் பழைய இரும்புய்யா!" என்று கத்தினார்.

"இருந்துட்டுப் போவுது மச்சான்" என்று மாமா இன்னும் நூறு ஏற்றினார்.

அப்பா பெண்கள் பக்கம் திரும்பி அம்மாவைத் தேடினார். தன் தம்பியை ஒரு அதட்டு அதட்டினால் முடிகிற விஷயம். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தோணியார் தேரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உபதேசியார் ஒருதரம், ரெண்டுதரம் என்று இழுத்துச் சொல்லி, அப்பாவின் முகத்தைப் பார்த்து, மூணுதரம் என்றார்.

நான் வண்டிக்குப் பின்னாலேயே ஓடி மாமாவைத் திருடன் என்று திட்டினேன். "போ கண்ணு, வூட்டுக்குப் போயி உங்கப்பனுக்குச் சோறு போடச் சொல்லு" என்று மட்டும் சொன்னார். அந்த மெஷின் அவர் வீட்டில் ஒரு சோடாவும் போடவில்லை. கூண்டுக்குள் கோழி அடைகாத்தது. அப்பா பிறகு மூடி போட்ட கலர் பாட்டில்களை வாங்கி விற்றார். ஒரு வருஷம் நான் மாமாவோடு பேசவில்லை. அம்மாவோ கறி எடுத்த நாளெல்லாம் முதல் கிண்ணத்தை அவருக்கு அனுப்பினாள். அம்மாவுக்குச் சூடு சொரணையே இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

ஏலம் முடிந்த மத்தியானம் அப்பா சாப்பாட்டில் கைவைக்கவில்லை. "உன் தம்பிக்குக் கிறுக்கா? அதுக்கு அம்புட்டு வெலையா?" என்றார். அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அப்பாவின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, இடது கண்ணின் இமையை விரலால் இறக்கி, வெகுநேரம் பார்த்தாள். "செவப்பு இல்லீங்க, சாப்புடுங்க" என்றாள். அப்பா அழுகிறாரா என்று பார்க்கிறாள் என்றுதான் அன்று நான் நினைத்தேன்.

கடைசியாகக் கேட்ட தொகை எண்ணூறா, தொள்ளாயிரமா என்பது நிச்சயமில்லை. எந்த வருஷம் என்பதும் அப்படித்தான். மாமாவின் மகன் ஊரில்தான் இருக்கிறான். யாராவது அவனைக் கேட்டுச் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். விதைக் கேழ்வரகுக்கே வருஷா வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்து நின்ற மாமாவுக்கு அன்று அத்தனை பணம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்க வேண்டாம். அது இப்போது எனக்குத் தெரியும், கறியில் முதல் கிண்ணத்தை அம்மா ஏன் அவருக்கு அனுப்பினாள் என்பதும்.